பிரித்தால் உரம், கலந்தால் நஞ்சு

கண்மாயில் ஆகாயத்தாமரை படர்ந்தால் பொக்லைன் வருகிறது. அள்ளிக் கரையில் போட்டுவிட்டுப் போகிறது. அடுத்த மழைக்குள் மறுபடியும் படர்ந்துவிடுகிறது. சாக்கடை நீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்குத் தீனியாக இருக்கும்வரை அள்ளுகிற செலவு வீண். மலையோடைகளையும் 18-ம் கால்வாயில் வரும் முல்லைப் பெரியாற்று நீரையும் கண்மாய்களில் தேக்கி வாழும் தேனி மாவட்டத்துத் தேவாரம் பகுதிக்கு இது உயிர்ப் பிரச்சினை. கண்மாயில் விழும் கழிவு அங்கேயே தங்கி, நிலத்தடி நீரிலும் இறங்குகிறது.

பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்குச் சேரும் கழிவுநீர் சுமார் 7,200 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்படுவதோ சுமார் 2,000 கோடி லிட்டர்தான். மாநகரங்களே திணறும்போது பேரூராட்சிகள் அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அவற்றால் உடனே செய்யக்கூடியது, கழிவுகளை ஒன்றோடொன்று கலக்கவிடாமல் தடுப்பது. காய்கறித் தோல் தனியே இருந்தால் உரம். பால் கவரோடு சேர்ந்து வாறுகாலை அடைத்தால் நாற்றம். செப்டிக் டேங்க் கசடும் அப்படியே. அதை லாரியில் உறிஞ்சி ஓடையில் திறந்துவிட்டால் நோய். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியும் பேரூராட்சிதான். அங்கே 2017 முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. பக்கத்துப் பேரூராட்சிகள் கூட்டுச் சேர்ந்தால் தேவாரத்திலும் அது முடியும்.

வயலில் தெளிக்கும் உரமும் பூச்சிமருந்தும் நீரைக் கெடுக்கவில்லையா என்ற கேள்வி நியாயமானது. திராட்சையும் வாழையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மாசு வயலெங்கும் பரவிக் கிடப்பது. சாக்கடை கண்மாயில் சேரும் வாய்களையோ அடையாளம் கண்டு அடைக்கலாம். ஊரின் மக்கும் குப்பை உரமாகி வயலுக்குப் போனால் ரசாயன உரத்தின் தேவையும் ஓரளவு குறையும்.

மக்கள் பிரித்துத் தர மாட்டார்கள் என்பது அடுத்த வாதம். குப்பைக் கிடங்குக்கு எதிரான போராட்டத்தால் தவித்த கேரளத்தின் ஆலப்புழை, மக்கள் குப்பையைப் பிரித்ததால்தான் வீட்டு பயோகேஸ் கலன்களாலும் பகுதிதோறும் உரத்தொட்டிகளாலும் மீண்டது. வீட்டிலேயே தரம் பிரிப்பதை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. ஆனால் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டுவதைப் பார்த்தவர் மறுநாள் பிரிப்பாரா? முதலில் வண்டியில் தடுப்பு, குப்பையை உரமாக்கும் வளம் மீட்புப் பூங்காவில் தினசரி வேலை, கசடு லாரிக்குக் கொட்டுமிடம் ஆகியவற்றைப் பேரூராட்சி உறுதிசெய்யட்டும். அபராத ரசீதை அதன்பிறகு கையில் எடுக்கலாம்.