தக்கோலம் வழி அரக்கோணம்

ஊட்டிக்கு எத்தனை முறை போனோம் என்று கேட்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எங்கள் மண்ணூரில் யாருக்கும் கணக்குச் சொல்லத் தெரியாது. கொடைக்கானல், மூணாறு, ஏற்காடு எல்லாம் ஆயிற்று. போனஸ் நன்றாக வந்த வருஷத்தில் கோவாவும் ஆயிற்று. மைசூர் எப்போதும் உண்டு. மைசூர் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம் கட்டாயம். அங்கே திப்புவின் தரியா தௌலத் மாளிகை. அதன் மேற்குச் சுவர் நெடுக ஒரு போர்க்காட்சி தீட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சதுரமாக நெருங்கி நிற்க, நாலாபுறமும் குதிரைப்படை. வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறுகிறது. நடுவே பல்லக்கில் ஓர் ஆங்கிலத் தளபதி விரலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கைடு மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதற்குள் வேன் டிரைவர் கூப்பிடுவார், வந்துவிடுவோம்.

அந்தச் சண்டை மைசூர்ப் பக்கம் நடந்ததல்ல. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10ஆம் தேதி நடந்தது. மண்ணூரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம். அதற்கு நான்கு நாள் முன்னால், 6ஆம் தேதி, அந்தப் பல்லக்குத் தளபதி கர்னல் பெய்லியின் படையைத் திப்பு மறித்துத் தாக்கிய இடம் பேரம்பாக்கம். பேரம்பாக்கத்தில் பெண் எடுத்த குடும்பங்கள் எங்கள் தெருவுக்கு நாலு இருக்கும். மாமியார் வீட்டு விருந்தில் ஒரு நாளும் இந்தப் பேச்சு வந்ததில்லை. பக்சாரில் வென்று பேர் வாங்கிய ஹெக்டர் மன்றோ அப்போது பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார்; பெய்லிக்கு உதவியாக வந்து சேரவில்லை. பெய்லி பிடிபட்ட செய்தி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பாய்ந்த போர்க்களம் அது. அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தீவு மையத்தில் திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியம் ஒன்றைப் பார்த்ததாக அப்துல் கலாம் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவில் கலாம் வேஷம் போடுகிறார்கள். புள்ளலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டுமே.

நாங்கள் என்றால் இரண்டு விதம். ஏரிப் பாசனத்தில் நெல் நட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் ஒரு விதம். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கிய பிறகு திருவண்ணாமலை, விழுப்புரம், மதுரை என்று பல ஊரிலிருந்து வந்து ஒண்டிக்குடித்தனமாக ஆரம்பித்து, இங்கேயே மனை வாங்கியவர்கள் இன்னொரு விதம். உள்ளூர்க்காரர்களுக்கு ஊர் பழகிப்போய்விட்டது. வந்தவர்களுக்கு ஊர் என்பது ஷிப்ட் பஸ் நிற்கும் இடம். ஆக, பார்க்க வேண்டிய கடமை இரண்டு தரப்புக்கும் இல்லாமல் போயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு என்ன தெரியும் என்று பழையவர்கள் சொல்வதும், உள்ளூர்க்காரர்களே போகாதபோது எங்களுக்கென்ன என்று புதியவர்கள் சொல்வதும் இன்றுவரை நடக்கிறது.

தண்டலத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, மண்ணூர், மப்பேடு, பேரம்பாக்கம், தக்கோலம் என்று அரக்கோணம் வரை போகிற சாலையைத்தான் சொல்ல வேண்டும். இதில் தினமும் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிறோம். இந்தச் சாலையின் கடைசிப் பக்கத்தில் 949இல் சோழ நாட்டின் தலையெழுத்தே மாறியது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் முதற்பராந்தகனின் படையும் தக்கோலத்தில் மோதின. சோழப் பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்து போர் நடத்தினான். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் அவனை யானை மேலேயே கொன்றான். அதனால்தான் சோழர் அவனை ஆனைமேல் துஞ்சிய தேவர் என்று குறித்தார்கள். தொண்டை மண்டலம் கைவிட்டுப்போய், சோழர்கள் மீண்டு எழப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இந்தப் போரின் செய்தி கன்னடத்தில் வெட்டப்பட்ட ஆதகூர் நடுகல்லில் இருக்கிறது. காட்டுப்பன்றியோடு போராடிச் செத்த ஒரு வேட்டை நாய்க்கு எடுத்த கல் அது. நாயின் கதையோடு சேர்த்து ராஜாதித்தன் சாவையும் பதிந்து வைத்தார்கள். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெங்களூருக்கு நாங்கள் போகாமலா இருக்கிறோம்? மால் பார்க்கப் போகிறோம்.

949 என்ற எண் மட்டும் எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடம். பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வி. பிறகு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அதையே மறுபடி படிக்கிறார்கள். நூலகத்து ஜன்னலுக்கு வெளியே போகிற சாலைதான் அந்தப் போர்க்களத்துக்குப் போகிறது என்று எந்த வாத்தியாரும் கை நீட்டிக் காட்டவில்லை. வாத்தியாரைக் குறை சொல்வானேன், பள்ளிச் சுற்றுலாவுக்கு வாட்டர் தீம் பார்க் என்றால் உடனே கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள்தான். கோயிலுக்கு என்று சொன்னால், அதுக்கு எதுக்கு சார் பஸ், நாங்களே கூட்டிட்டுப் போறோம் என்றோம். கூட்டிக்கொண்டும் போகவில்லை.

மப்பேடு இன்னும் மோசம். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது பூந்தமல்லித் தியேட்டர்களுக்கு இரண்டு முறை, மூன்று முறை போனவர்கள் உண்டு. விக்ரம் ஆதித்த கரிகாலனாகக் குதிரையில் வந்தபோது விசிலடித்தோம். மப்பேடு சிங்கீஸ்வரர் கோயிலை 967இல் எழுப்பியவன் அதே ஆதித்த கரிகாலன் என்று கோயில் வரலாறு சொல்கிறது. வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிடம். பாண்டியன் தலையை அவன் கொண்டதைப் பேசும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள், 1905இல் கிடைத்த ஊரும் தூரமில்லை. பேரம்பாக்கம் தாண்டிப் போனால் வந்துவிடும். அவன் எப்படிச் செத்தான், யார் கொன்றார்கள் என்று டீக்கடையில் மணிக்கணக்காக வாதம் செய்தோம். அங்கிருந்து எழுந்து மப்பேட்டுக்கு ஒரு எட்டு போய் வர யாருக்கும் தோன்றவில்லை. மப்பேடு என்றால் எங்களுக்கு மல்டி மோடல் லாஜிஸ்டிக் பார்க். அதற்குப் பிரதமர் 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார், 184 ஏக்கர். மனை விலை சதுர அடிக்கு எவ்வளவு ஏறும் என்பது வரை எங்களுக்கு அத்துப்படி.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மப்பேட்டுக் கோயிலுக்குக் கூட்டம் வராமல் இல்லை. மூல நட்சத்திரக்காரர்கள் எங்கெங்கிருந்தோ கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சோமங்கலத்துக்குச் சந்திரன், குன்றத்தூருக்கு ராகு என்று நவக்கிரகச் சுற்றும் நடக்கிறது. சோசியர் சொன்னால் போகிறோம். பள்ளிக்கூடம் செய்யாததைச் சோசியம் செய்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். ஆனால் போய் என்ன செய்கிறோம்? விளக்கேற்றிச் சுற்றிவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம். அதிட்டானத்தில் ஓடுகிற எழுத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துதான் புளியோதரை சாப்பிடுகிறோம். நிலத்தை விற்ற காசில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள் எங்களில் நிறையப் பேர். அந்தக் காசில் கல் தரைக்கு மேல் வழவழப்பான டைல்ஸ், கல்வெட்டுச் சுவரில் எனாமல் பெயிண்ட், ஸ்விட்ச் போர்டுக்குத் துளை, பக்கத்தில் எங்கள் பெயரோடு உபயம் என்று பளிங்குப் பலகை. எந்தக் கோயில் என்று சொல்லத் தேவையில்லை, இந்தப் பக்கம் எதில் நுழைந்தாலும் பார்க்கலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்துப் பலகை போட்ட சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அங்கே சாப்பிடுகிற கொரிய, ஜப்பானிய இன்ஜினீயர்கள் எங்கள் லைன் சூப்பர்வைசர்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி, இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்பது. மகாபலிபுரம் என்போம். தப்பான பதில் இல்லை. 2021-22இல் இந்தியாவில் வெளிநாட்டவர் மிக அதிகமாகப் பார்த்த நினைவுச்சின்னம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம்தான். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னங்கள் மட்டும் நாட்டில் 3,600க்கு மேல். அவ்வளவு இருக்கிற நாட்டில் ஒருவர் ஒரு நாளுக்கு ஓரிடம் கேட்டால், ஏற்கெனவே எல்லாரும் தேர்ந்தெடுத்துவிட்ட இடத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். காஞ்சிபுரத்தைக்கூட நாங்கள் பட்டுப்புடவைக்குத்தான் சொல்கிறோம். முகூர்த்தப் புடவைக்கு முழுநாள் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள், ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம் போகச் சலித்தோம். ஊரை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன் அந்தக் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் விட்டான், அதைக் கன்னடத்தில் அங்கேயே வெட்டியும் வைத்தான். எதிரி நின்று பார்த்த கோயிலை நாங்கள் நின்று பார்க்கவில்லை.

எங்கள் வாடகை அறைகளில் பீகார், ஒடிசா பையன்கள் ஓர் அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேர் என்று இருக்கிறார்கள். நாளந்தா பக்கத்திலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. நாளந்தாப் பல்கலைக்குத் தலைவராக இருந்த தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்று யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். இங்கிருந்து ஒருவர் அங்கே படிப்பிக்கப் போனார். அங்கிருந்து இவர்கள் இங்கே வெல்டிங் செய்ய வருகிறார்கள். வாடகை முன்பணம், கரண்ட் பில், தண்ணீர் மோட்டார் தவிர இவர்களிடம் நாங்கள் பேசியது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் செல்போனோடு மொட்டை மாடியில் கிடக்கிறார்கள். எங்கே போகலாம் என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்கலாம் என்ற எண்ணம் வரும்படி நாங்கள் நடந்துகொள்ளவில்லை.

போகாததால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருந்த 50 சின்னங்களைக் காணவில்லை என்று 2022இல் நாடாளுமன்றக் குழுவிடம் கலாச்சார அமைச்சகம் சொன்னது. 14 நகரமயத்தில் போயின, 12 அணைகளில் மூழ்கின, 24 எங்கே என்றே தெரியவில்லை. பட்டியலில் இருந்தவற்றின் கதி இது. எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் விரவிக் கிடந்த பூமி. வட்டமாகப் பதித்த கற்கள், உள்ளே தாழி. எங்களுக்கு அவை மாடு மேய்க்கிற இடத்தில் கிடந்த கற்கள். ஜேசிபி வந்து மட்டம் போட்டபோது அஸ்திவாரத்துக்கு ஆகும் என்று டிராக்டரில் ஏற்றினோம். உடைந்த பானை வந்தால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார் என்றோம், புதையல் என்று போலீஸ் வந்தால் பிளாட் நின்றுவிடுமே.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. கற்கருவிகள் கிடைத்தன, சங்ககாலச் செங்கல் கட்டுமானம் கிடைத்தது, துளித் துளியாகப் பொன் அணிகள் கிடைத்தன. வேனில் ஷிப்டுக்குப் போகிற வழியில் அதைப் பற்றிச் செல்போனில் படித்தோம். பொன் எத்தனை கிராம் என்பதோடு பேச்சு முடிந்தது. கொசஸ்தலை ஆற்றங்கரையில் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கோடரிகள் 15 லட்சம் வருஷப் பழமை என்று சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் 2011இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அங்கே கிடைத்த பிற்காலக் கருவிகளைப் பற்றி 2018இல் எழுதியபோதும் பார்த்தது. பூண்டியில் அதற்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பூண்டி ஏரி ஷட்டர் திறந்தால் வேடிக்கை பார்க்கப் போகிறோம், வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இந்த வருஷமும் வாட்ஸ்அப் குழுவில் டூருக்கு ஓட்டெடுப்பு போட்டிருக்கிறார்கள். மூன்று இடங்களில் எதுவும் முந்நூறு கிலோமீட்டருக்குள் இல்லை. யாரோ நான்காவதாகத் தக்கோலம் என்று சேர்த்தார். அதற்கு வந்த பதில்களில் சிரிப்புப் படங்கள் போக உருப்படியாக ஒன்று இருந்தது: அங்கே சாப்பாடு எங்கே கிடைக்கும்? கேட்டவருக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சாப்பாட்டைப் பேரம்பாக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். தக்கோலத்துக்கு முன்னால் கூவம் கிராமம், சம்பந்தர் பாடிய திருவிற்கோலம், நரசிங்கபுரமும் பக்கத்திலேயே. தக்கோலம் சலநாதீஸ்வரர் கோயிலில் தட்சிணாமூர்த்தி வேறெங்கும் பழகாத விதத்தில் கால் மடித்து உட்கார்ந்திருப்பார், தெற்குச் சுவர்ப் பக்கம் நின்று நிதானமாகப் பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கி எழுந்து போகலாம் என்று நினைக்க வேண்டாம். உச்சிக்கால பூஜை ஆனதும் நடை சாத்திவிடுவார்கள்.