சும்மா இருக்க ஒரு டாக்டர் பட்டம்!

காரைக்கால் பீச்சில் சாயங்காலம் சுண்டல் கொறித்தபடி உட்கார்ந்திருப்பவரை 'வெட்டி ஆபீசர்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் ஒரு ஆராய்ச்சிப் பொருள், சார்! அமெரிக்காவில் கிளெம்சன், கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகங்களில் பொழுதுபோக்கைப் பற்றி ஆராய்ந்தே டாக்டர் பட்டம் வாங்கலாம். பார்க்குக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, ஏன் என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். பி.காம். படித்த காலத்தில் எனக்கு இது தெரியாமல் போச்சு!

இந்தத் துறைக்கு ஒரு முன்னோடி, தோர்ஸ்டீன் வெப்ளன். 1884-ல் யேலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, கிட்டத்தட்ட 7 வருஷம் வேலையில்லாமல் இருந்தார். 1899-ல் அவர் எழுதிய புத்தகம், 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு'. அனுபவஸ்தர்!

சிரிப்பு இருக்கட்டும். 1936-ல் பிரான்ஸில் ஓய்வு நேரத்தைக் கவனிக்கவே லியோ லக்ராஞ்ச் என்று ஒரு துணை மந்திரி இருந்தார். தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 2 வாரம் லீவு. அதே வருஷம் ஜூலை 30. அதே பிரான்ஸ் ஆண்ட புதுச்சேரியில், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேரைத் துப்பாக்கிக் குண்டு பலிவாங்கியது. அதற்குப் பிறகுதான், 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. நம்ம காரைக்காலும் அப்போது அந்த ஆட்சியில்தான்.

ஆகவே நண்பர்களே, ஆறு மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது திருடன் மாதிரிப் பம்மாதீர்கள். அந்தச் சாயங்காலம் ஒண்ணும் சும்மா வந்துடலை!