சர்க்கரை நோய்க்கு மூலிகை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் சில மூலிகைகளுக்கு உண்டு. ஆனால் கடையில் விற்கும் எந்தப் பொடியும் இன்சுலினுக்கோ மருத்துவர் எழுதிய மாத்திரைக்கோ மாற்றாகாது. சித்த மருத்துவர்களும் ஆங்கில மருத்துவர்களும் உறுப்பினராக உள்ள எங்கள் சங்கம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

மூலிகையை ஏளனம் செய்பவர்கள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் பூர்வீகத்தை மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவின் கலேகா செடியில் உள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவானது. ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் சோதித்து 1957இல் முடிவை வெளியிட்டார். இடையில் 35 ஆண்டுகள்!

நம் சிறுகுறிஞ்சான் அந்தப் பாதையில் பாதியில் நிற்கிறது. இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணலாகத்தான் தெரியும். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலத்தின் வேலை அது. 1990இல் வெளியான சென்னை ஆய்வொன்றில் 22 நோயாளிகள் வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே விட முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருக்கிறது. 22 பேரை நம்பி அத்தனை பேருக்கும் மருந்து எழுத முடியாது.

வெந்தயமும் பாகற்காயும் உணவாக இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பாகற்சாறு, மூலிகைக் கஷாயம் குடித்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

எங்கள் சண்டை மூலிகையோடு அல்ல, விளம்பரத்தோடு. நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. 'பக்கவிளைவே இல்லை' என்று விற்ற மூலிகைப் பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில சர்க்கரை மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

அரசு அந்தச் சட்டத்தைச் செயல்படுத்த வேண்டும். ஆவாரைக் குடிநீர் முதலான சித்த மருந்துகளை முறையாகப் பதிவு செய்த பெரிய ஆய்வுகளில் சோதித்து, தோற்ற முடிவுகளையும் வெளியிட வேண்டும்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: யார் சொன்னாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் வகை நீரிழிவில் அப்படி நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.