‘ரெஸ்ட்’ என்ற மருந்தை யார் வாங்கித் தருவது?

கை வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், ‘தைலம் தேய்ச்சுக்கோ, சரியாயிடும்’ என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். அதே வலி வீட்டு ஆண்களுக்கு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, லீவு எல்லாம் உண்டு. இல்லத்தரசிக்கு ஏது லீவு?

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் சுரீர் என்று இழுக்குமே ஒரு வலி, துணி பிழியும்போதும் கைக்குழந்தையைத் தூக்கும்போதும் உயிர் போகுமே, அதைப் பற்றி 1895-லேயே டி குவெர்வான் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் எழுதியிருக்கிறார். பழைய இங்கிலீஷ் வைத்தியத்தில் அதற்குத் ‘துணி துவைப்பவளின் சுளுக்கு’ என்றே பெயர். பெண்கள் செய்யும் வேலையால் வருகிற வலி என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில்தான் இன்னும் தெரியவில்லை! கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டையும், சில வாரம் ஓய்வும் கொடுத்தாலே பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால் ஊசி, அதற்கும் மசியாவிட்டால் சின்ன ஆபரேஷன்.

ராத்திரியில் கை மரத்துப்போய், உதறிக்கொண்டு எழுந்திருக்கும் பெண்களும் நிறைய. மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது இது. கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். ‘வாயு’ என்று சொல்லி வருஷக்கணக்கில் விட்டுவிட்டால், கட்டைவிரல் அடிச்சதை வற்றி, பிடிமானமே போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, மழைக்காலத்தில் பின்கட்டுப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். ‘விரல் அசையுது, அதனால எலும்பு முறியலை’ என்று சொல்லி, எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், முறிந்த எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. இன்றைக்கும் அவரால் தலைபின்ன முடியவில்லை. விரல் அசைந்தாலும் எலும்பு முறிந்திருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு பலம் குறைவதால், லேசாக விழுந்தாலே மணிக்கட்டு முறிவது சகஜம். விழுந்ததும் வீக்கம் வருவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். நீவாமல், ஒரு அட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதே நல்லது. கோரிமேட்டில் ஜிப்மரும், ஊருக்குள் அரசு பொது மருத்துவமனையும் இருக்கிற புதுச்சேரியில் ஒரு எக்ஸ்ரேவுக்கு ஏன் யோசிக்க வேண்டும்?

அரிவாள்மனையோ கத்தியோ ஆழமாக வெட்டிவிட்டால் மஞ்சள்தூள், காப்பித்தூள் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். விரலை மடக்க முடியவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் உள்ளே நாணோ நரம்போ அறுந்திருக்கலாம். மேல்தோலைத் தைத்தால் மட்டும் போதாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது என்றால், கை எவ்வளவு நுணுக்கமான உறுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டுக்கொண்டால் இங்க், பற்பசை எதுவும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள்.

கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர் டாக்டர் பால் பிராண்ட். வலி தெரியாததால், சூடுபட்டும் அடிபட்டும்தான் அந்தக் கைகள் அழிந்தன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். வலி என்பது நமக்குக் காவல்காரன். அந்தக் காவல்காரனை மாத்திரை போட்டுத் தூங்க வைத்துவிட்டு, அதே கையால் நாலு பெட்ஷீட்டை அலசிப் பிழிவது என்ன நியாயம்?

எந்தக் கைவலிக்குப் போனாலும், டாக்டர் எழுதும் முதல் மருந்து ‘ரெஸ்ட்’. மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கலாம். ரெஸ்ட்டை வீட்டில் உள்ளவர்கள்தான் கொடுக்க வேண்டும். மாவுக்கட்டு போட்ட கையோடு ஒற்றைக்கையால் சமைக்கும் பெண்ணைப் பார்த்து, ‘பாவம், எவ்வளவு பொறுமை!’ என்று பாராட்டுவதை விட்டுவிட்டு, கணவர் துணியைப் பிழியட்டும், மகன் பாத்திரத்தைத் துலக்கட்டும். மாமியார்மார்களும், ‘நாங்கல்லாம் அந்தக் காலத்துல ஆட்டுக்கல்லுல மாவாட்டலையா?’ என்று கேட்காமல் இருந்தால் புண்ணியம். அவர்கள் கையும் அப்போது வலித்துத்தான் இருக்கும். கேட்க ஆளில்லாமல் போயிருக்கும்.

அடுத்த முறை கைவலிக்கு டாக்டரிடம் போகும்போது, வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துப் போங்கள். ‘ஆறு வாரத்துக்கு இந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது’ என்று டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு இல்லத்தரசி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.