காலிப் பாட்டிலுக்கு இருக்கிற கணக்கு

தமிழக அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளில் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் மாவட்டம் மாவட்டமாக விரிந்துவருகிறது. 2022-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டதால் நீலகிரியில் தொடங்கியது இது. காட்டில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு யானையின் காலைக் கிழிக்கிறது, நியாயமான காரணம்தான். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பிக் கொடுத்தால் பணத்தைக் கையில் தருகிறார்கள். ஊழியர் சங்கங்கள் எதிர்த்தும் அரசு பின்வாங்கவில்லை.

நினைத்தால் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடிகிறதே என்பதுதான் என் கோபம். குவார்ட்டர் பாட்டில் எந்தக் கடையில் விற்றது என்று ஸ்டிக்கர் சொல்லிவிடும். அதைக் குடித்தவர் போய்ச் சேர்ந்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் ஏடு இல்லை.

போதைப் பழக்கம் குறித்து எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார்; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்த 38-ஐ எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மீதி 37 பேருக்கு வைத்தியம் பார்ப்பது யார்? மனைவி, தாய், அப்பாவைத் தேடிக் கடைவாசலுக்கு அனுப்பப்படும் பிள்ளை.

அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம், கோயிலில் கயிறு கட்டுவது. அடுத்தது, ‘அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்ற சுவரொட்டியை நம்பிப் பொடி வாங்கிச் சாம்பாரில் கலப்பது. அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் இருந்து, மனிதர் அன்றைக்கும் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியும் பலிக்காவிட்டால் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். பல ஆண்டு குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இதை அந்த வீட்டாரிடம் யார் சொன்னார்கள்?

முழு மதுவிலக்கு வந்தால் எல்லாம் தீரும் என்பவர்களிடம், கடையைப் பூட்டிய மறுநாள் கை நடுங்கும் மனிதனுக்குப் பதில் இல்லை. ‘குடிக்காமல் இருக்க வேண்டியது அவன் பொறுப்பு’ என்பவர்கள் ஒருநாள்கூட அந்த வீட்டில் இருந்து பார்த்தவர்கள் இல்லை.

வழி தெரியாமல் இல்லை. குடிக்குக் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தந்தது. 2025-இல் அரசும் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. நல்லது. ஆனால் வார்டில் கணவருக்குத் துணையிருக்கும் மனைவியின் தினக்கூலியை யார் தருவது? வீடு திரும்பிய முதல் சில மாதங்களில்தான் பலரும் மறுபடி குடிக்கிறார்கள். அப்போது கதவைத் தட்டி விசாரிக்க யார் இருக்கிறார்கள்?

2024-25-இல் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் எடுத்தாலே 480 கோடிக்கு மேல். துணையிருப்பவருக்குக் கூலி, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓர் ஆலோசகர் என்று சட்டமாகவே எழுதிக் கொடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதே பணியாளர் குடிநோயாளியின் வீட்டிலும் உட்கார்ந்து பேசட்டும். இதைச் செய்தால் கடைகளுக்கு வாடிக்கையாளர் குறையலாம். அரசு தயங்குவதும் அதனால்தானோ?