பேப்பர் எதுக்கு பாஸ், அதான் வாட்ஸ்அப் இருக்கே?

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு நண்பர் சொன்னார்: "லோக்கல் பேப்பரெல்லாம் செத்துப்போச்சு பாஸ். எங்க அபார்ட்மெண்ட் குரூப்லயே எல்லாம் வந்துடுது." காபி ஆறிடுச்சு, எனக்குத்தான் ஆறலை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. தமிழ்ப் பத்திரிகைகள் சென்னையில மட்டும் வளரலை. 1942-ல் சி.பா.ஆதித்தனார் 'தந்தி'யை ஆரம்பித்தது மதுரையில். டீக்கடையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியற மாதிரி எழுதினாங்க. 1951-ல் டி.வி.ராமசுப்பையர் தினமலரைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில். அப்போ கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. 1956-ல் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, 1957-ல் பேப்பரும் திருநெல்வேலிக்கு வந்துடுச்சு. வாசகன் எங்கேயோ, பேப்பர் அங்கே.

சரி, எங்க நூம்பலுக்கு வருவோம். மயிலாப்பூருக்கு 1994-லயே மயிலாப்பூர் டைம்ஸ் வந்தாச்சு. இலவசம், விளம்பரக் காசுல ஓடுது, ஆனா இங்கிலீஷ். நாங்க? முழுசா சென்னையும் இல்லை, கிராமமும் இல்லை. எங்க பேர் பேப்பர்ல வரணும்னா ஒண்ணு லாரி மோதணும், இல்லை வெள்ளம் வரணும்.

ஒரு மழைக்கு எங்க தெருவில் முழங்கால் தண்ணி. குரூப்ல நாற்பது போட்டோ, நூறு கோபம். வடிகாலுக்கு டெண்டர் விட்டாங்களா, எவ்வளவு, யாருக்கு? ஒருத்தருக்கும் தெரியலை. ரெண்டே நாள்ல குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து எல்லாத்தையும் மேலே தள்ளிடுச்சு :-)

நகராட்சிக் கூட்டத்துல உட்கார்ந்து தீர்மானத்தைக் குறிச்சுட்டு வர ஒரு ஆள் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும். அந்த வேலையை எந்த ஃபார்வர்டும் செய்யாது. நம்ம பாஷையில சொன்னா, லாக் எழுதாத சர்வர்ல பக் தேட முடியுமா? இங்கிலாந்துல வூஸ்டர்னு ஒரு ஊர். அங்கே 1690-ல் ஆரம்பிச்சதாச் சொல்லிக்கிற 'பெரோஸ் வூஸ்டர் ஜர்னல்'னு ஒரு பேப்பர். பழைய இதழைப் புரட்டி முந்நூறு வருஷத்துக்கு முந்தின சேதியைப் படிக்கலாம். எங்க தெருவுல மூணு வருஷம் முன்னாடி என்ன நடந்ததுன்னு எங்கே போய் படிக்கிறது?

லோக்கல் பேப்பரெல்லாம் யோக்கியம்னு நான் சொல்லலை. கவுன்சிலர் பிறந்தநாள் விளம்பரத்தை நம்பிப் பொழைச்சா, கவுன்சிலரைப் பத்தி எழுத கை வராது. அதனாலதான் காசு நம்ம பாக்கெட்லேருந்து போகணும்ங்கிறேன். வீட்டுக்கு மாசம் 50 ரூபாய், ஆயிரம் வீடு: 50,000 ரூபாய். ஒரு நிருபர், நாலு பக்கம், தமிழ்ல.

நண்பரே, ஒரு பீட்சாவுக்கும் குறைவான காசு இது. அதுக்கும் மனசு வரலைன்னா, அடுத்த மழைக்கு குரூப்ல போட்டோ போடாதீங்க.