விளையாட்டல்லாத ஏழு நாட்கள்

சின்னம்மைக்குத் தெலுங்கில் ஆட்டலம்மா என்று பெயர். தமிழிலும் விளையாட்டம்மை என்பதுண்டு. இரு மொழியும் புழங்கும் நாராயணவனத்தில் (2022 முதல் திருப்பதி மாவட்டம்) இதை மொழிபெயர்க்க யாரும் சிரமப்பட வேண்டாம். இரண்டுமே விளையாட்டுதான்.

பெயரில் உண்மை உண்டு. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் பத்து நாளில் கொப்புளம் காய்ந்து, பிள்ளை தெருவுக்கு ஓடிவிடும். அதே வீட்டுக்கு அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தால்தான் சிக்கல்.

கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கும். தொற்றியவரிடம் அது வெளிப்பட 10 முதல் 21 நாட்களாகும். அத்தைக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும் என்றும் நம்ப முடியாது. வெப்ப நாடுகளில் சின்னம்மை காணாமலே பெரியவர்களாகிறவர்கள் அதிகம்.

பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் எழுந்தால் ஆபத்து குழந்தைக்குத்தான். கிருமி நஞ்சுக்கொடி வழியாகப் போய்விடுகிறது. அதை எதிர்க்கும் சக்தியைத் தாயின் உடல் உண்டாக்கி அனுப்ப அவகாசமில்லை. நுரையீரலும் கல்லீரலும் மூளையும் தாக்கப்படலாம். சிகிச்சை இல்லாத காலத்துக் கணக்குகளில், இப்படி நோய் கண்ட சிசுக்களில் 30 சதவீதம் வரை இறந்திருக்கின்றன.

இன்று வழி இருக்கிறது. பிறந்தவுடன் எதிர்ப்புப் புரதம் கொண்ட ஊசி. கொப்புளம் கண்டால் ரத்தக்குழாய் வழியாக அசைக்ளோவிர் மருந்து. மார்பில் கொப்புளம் இல்லையென்றால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தையைப் பிரித்து வைத்தாலும் பீய்ச்சிக் கொடுக்கலாம்.

ஆனால் 'அம்மா வந்திருக்கிறாள், ஊசி கூடாது' என்று காத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. வாசலில் செருகும் வேப்பிலையை நான் குறை சொல்லமாட்டேன். வெளியார் உள்ளே வராமல் அது தடுக்கிறது. கர்ப்பிணிக்கு அதைவிட நல்ல எச்சரிக்கை ஏது? உள்ளே இருக்கும் சிசுவுக்குத்தான் அது போதாது.

மிச்சியாக்கி தக்காஹாஷி என்ற ஜப்பானிய மருத்துவர் 1974இல் உருவாக்கிய தடுப்பூசி இங்கும் கிடைக்கிறது, காசு கொடுத்தால். அதைக் கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்ப காலத்தில் போடக்கூடாது.

மஞ்சள் நீரும் நேர்த்திக்கடனும் அதன் முறைப்படி நடக்கட்டும். அந்த 7 நாட்களில் தாயின் உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் அம்மாதானே.